ஜெப ஆலயத்தில் செடி, மீன், தேனீ: வாசகர் கேள்வி–பதில்

யூதச் சபைகளின் ஜெப ஆலயங்களில் பராமரிப்பு, தோட்டம், பூ அலங்காரம், குழந்தைகள் வகுப்பு என்று பல வேலைகளில் இருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில்களுக்கு முன் நாள்காட்டியைப் பற்றி இரண்டு வரி. வார ஓய்வு நாளான சபாத் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தெரியும்போது முடிகிறது. ஏறக்குறைய 25 மணி நேரம். இஸ்ரேலுக்கு வெளியே பஸ்கா, ஷாவுவோத், சுக்கோத் பண்டிகைகளின் புனித நாட்கள் இரண்டிரண்டாக வரும். அவை சபாத்தை ஒட்டி வந்தால் மூன்று நாள் தொடர்ச்சி. கீழே இருப்பது மரபுவழிச் சபைகளின் நடைமுறை. மற்றச் சபைகளில் தளர்வு உண்டு. எங்கேயும் முடிவு அந்தந்தச் சபையின் மதகுருவான ரபி சொல்வதுதான்.

ஜெப ஆலயம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். முன்கூடத்தில் வைக்கும் செடிகள் ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை. சனிக்கிழமை வாடி நிற்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. நான் யூதன் இல்லையே, நான் தண்ணீர் ஊற்றினால் என்ன?

ஊற்றாதீர்கள். சபாத்தில் விலக்கப்பட்ட 39 வகை வேலைகளில் விதைத்தலும் ஒன்று. செடிக்குத் தண்ணீர் விடுவது அதில் அடங்கும். தாங்கள் செய்யக் கூடாததைப் பிறரைக் கொண்டு செய்விப்பதும் பொதுவாகக் கூடாது. நீங்களாகவே நல்லெண்ணத்தில் ஊற்றினாலும் சபைக்குச் சங்கடம்தான். தோட்ட ஒப்பந்தக்காரர் தன் வசதிக்குச் சனிக்கிழமை வந்து புல் வெட்டுவதையும் இதனால்தான் ஏற்க மாட்டார்கள். வேலை செய்யக் கூடாத நாட்களை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

ஆனால் உங்கள் செடிகளைக் கொல்வது சனிக்கிழமைத் தாகம் இல்லை. ஒரு நாள் தண்ணீர் இல்லாததால் சாகிற தொட்டிச்செடி அபூர்வம். குளிர் நாடுகளின் ஜெப ஆலயக் கூடங்களில் வார நாட்களில் விளக்கும் இருக்காது, ஹீட்டரும் ஓடாது. வெள்ளி மாலை கூடம் திடீரென்று சூடாகும். வெப்பமண்டலச் செடிகள் 12 டிகிரிக்குக் கீழே பல நாள் நின்றால் வேர் சரியாக நீரை உறிஞ்சாது. மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள், வேர் அழுகிவிடும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இன்னொரு காரணம், வழிபாடு முடிந்து நடக்கும் கிட்டுஷ் விருந்து. கோப்பையில் மிஞ்சிய தண்ணீர், சோடா, சில சமயம் ஒயின் எல்லாம் அருகிலிருக்கும் தொட்டிக்குள் போய்விடும். தண்ணீரைக் கொட்டுவது சபாத்துக்கு ஆகாது, இனிப்புப் பானம் செடிக்கு ஆகாது. கை கழுவும் இடத்துக்கும் பான மேசைக்கும் மூன்று மீட்டருக்குள் தொட்டி வைக்காதீர்கள். மிச்சத்தை ஊற்ற மேசையடியில் ஒரு வாளி இருக்கட்டும். அறிவிப்புப் பலகையைவிட வாளிக்குப் பலன் அதிகம்.

செடித் தேர்வுக்கு ஒரே அளவுகோல் போதும்: மூன்று நாள் யாரும் தொடாவிட்டாலும் முகம் மாறாத செடி. மங்கலான மூலைக்கு ஸாமியோகுல்காஸ், சான்ஸ்வேரியா. இரண்டும் இரண்டு வாரம் தண்ணீர் இல்லாமல் நிற்கும், ஆனால் இலையைக் கடித்தால் வாயும் வயிறும் எரியும். தவழும் குழந்தைகள் வரும் கூடமென்றால் ஆஸ்பிடிஸ்ட்ராவும் சிலந்திச் செடியும் பாதுகாப்பானவை. ஆஸ்பிடிஸ்ட்ரா குளிரையும் தாங்கும். ஸ்பாத்திபில்லம் வேண்டாம். அழகாகத்தான் இருக்கும், ஒரு வேளை தண்ணீர் தவறினால் மொத்தமாகச் சரிந்து விழுந்து, வழிபாட்டுக்கு வந்தவர்களையெல்லாம் பதறவைக்கும்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வேலையை முடியுங்கள். மண் காய்ந்த தொட்டிக்கு மட்டும், அடித்துளை வழியே நீர் வடியத் தொடங்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள். அரை மணி கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மாலையில் அவசரமாக ஊற்றினால் தட்டு இரவில் நிரம்பித் தரைவிரிப்பில் வழியும். சபாத்தில் துணியால் துடைத்துப் பிழிவதும் விலக்கு என்பதால் அது மறுநாள் இரவுவரை அப்படியே கிடக்கும். அடியில் நீர்த்தேக்கமும் திரியும் உள்ள தொட்டி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை நிரப்பிவிட்டால், அது சபாத்தில் தானாக உறிஞ்சிக்கொள்வதில் தடை இல்லை. டைமர் வைத்த சொட்டுநீரும் அப்படியே: முன்பே அமைத்தது தானாக ஓடலாம், இடையில் திருகக் கூடாது.

தொட்டிகளை முதலிலேயே சரியான இடத்தில் வைத்துவிடுங்கள். செடியோடு கூடிய தொட்டியைச் சபாத்தில் நகர்த்தலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெயிலுக்கு நகர்த்துவது நிச்சயம் கூடாது. சக்கர நாற்காலி போக 90 சென்டிமீட்டர் வழி விட்டிருந்தால் அந்த விவாதமே எழாது.

தோரா சுருள்கள் இருக்கும் பேழையின் இருபுறமும் ஆளுயரச் செடிகள் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

விலக்கு எதுவும் இல்லை. இருந்தாலும் நாங்கள் வைக்க மாட்டோம். தோரா சுருள் தோலில் மையால் எழுதப்பட்டது. காற்றில் ஈரப்பதம் ஏறி இறங்கினால் தோல் விரிந்து சுருங்கும், மை செதிலாகக் கழன்று விழும். ஓர் எழுத்து கெட்டாலும் அந்தச் சுருளைத் திருத்தாமல் வாசிப்புக்குப் பயன்படுத்த முடியாது. திருத்துவது பயிற்சி பெற்ற எழுத்தரின் வேலை. பேழைக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிலையாக இருப்பது நல்லது. 65ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்கு வழி. திறந்த பெரிய கூடத்தில் ஒரு செடி இந்த அளவை மாற்றிவிடாது. சுவருக்கும் பேழைக்கும் இடையே காற்றோட்டமில்லாத மூலையில், எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணோடு இரண்டு பெரிய தொட்டிகள் நிற்பது வேறு விஷயம்.

வைத்தே ஆக வேண்டுமென்றால் பேழையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி வைத்து, முதல் மாதம் வாரம் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். மேல்மண் காயாமல் இருந்தால் கொசு போன்ற சின்னப் பூஞ்சை ஈக்கள் கிளம்பும். அவை தோலைத் தின்னாது, ஆனால் வாசிப்பவர் முகத்தைச் சுற்றிப் பறக்கும். மேலே இரண்டு சென்டிமீட்டர் கரடுமுரடான மணல் பரப்பினால் குறையும். பேழைக் கதவு முழுதாகத் திறக்கிறதா, சுருளைத் தூக்கி வருபவர் படியில் இறங்கும்போது இலை தடுக்கிறதா என்று கனமான ஒரு புத்தகத்தை அணைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். தோரா வாசிப்புச் சுற்று முடியும் பண்டிகையான சிம்ஹத் தோரா அன்று சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஆடிச் சுற்றி வருவார்கள். பண்டிகை தொடங்குமுன்பே எல்லாத் தொட்டிகளையும் வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

பூக்கடை வைத்திருக்கிறேன். ஷாவுவோத்துக்கு ஜெப ஆலயம் முழுக்கப் பசுமையாக அலங்கரிக்க ஆர்டர் வந்திருக்கிறது. என்னென்ன கவனிக்க வேண்டும்?

முதலில் மரக்கிளையா, புல்லும் பூவுமா என்று கேட்டுவிடுங்கள். தோரா அருளப்பட்டபோது சீனாய் மலையைச் சுற்றிப் பசும்புல் இருந்தது என்பதன் நினைவாக ஜெப ஆலயத்திலும் வீட்டிலும் புல் பரப்பும் வழக்கத்தை, 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவின் ரபி மோஷே இஸ்ஸர்லெஸ், ஷுல்கான் அருக் சட்டத் தொகுப்புக்கு எழுதிய குறிப்பில் பதிந்திருக்கிறார். அந்த நாளில் மரங்களின் கனிகளுக்கு இறைவன் தீர்ப்பு அளிக்கிறார் என்பதால் மரம் நிறுத்தும் வழக்கமும் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் வில்னா நகரின் பேரறிஞரான வில்னா காவோன், கிறிஸ்தவர்களும் தங்கள் பண்டிகையில் மரம் நிறுத்துகிறார்கள் என்று சொல்லி அதை நிறுத்தினார். இன்றும் சில சபைகள் மரத்தைத் தவிர்க்கும். சில, பூ மட்டும் வைக்கும். இதைக் கேட்காமல் பூர்ச்ச மரக்கிளைகளை வண்டி நிறைய இறக்கிவிட்டுத் திருப்பி எடுத்துப் போவது வீண் செலவு.

எல்லா வேலையும் பண்டிகைக்கு முந்தின நாள் மதியத்துக்குள் முடிய வேண்டும். பிறகு கத்திரியோ கம்பியோ எடுக்க முடியாது. பண்டிகை நாளில் வெட்டிய கிளை வந்து சேர்ந்தால் அதைத் தொடவே மாட்டார்கள். 2026இல் ஷாவுவோத் மே 22 வெள்ளியும் 23 சனியும்; ஆக வியாழன் மதியம் வைத்தது சனி இரவுவரை நிற்க வேண்டும். யூகலிப்டஸ், ரஸ்கஸ், ஐவி ஆகியவை தாங்கும். பூர்ச்ச இலை தண்ணீரில் இருந்தாலும் மூன்றாம் நாள் துவளும். தண்டு நுனியை இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி, நீர்மட்டத்துக்குக் கீழுள்ள இலைகளை உருவிவிட்டு, ஓர் இரவு ஆழமான நீரில் நிறுத்தி எடுத்து வாருங்கள்.

தண்ணீர் விதியைச் சபைக்காரர்கள் அறிவார்கள். நீங்களும் தெரிந்துகொண்டால் ஜாடியின் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுப்பீர்கள். சபாத்தில் ஜாடிக்குத் தண்ணீர் சேர்ப்பதும் மாற்றுவதும் கூடாது. விழுந்த கொத்தை அதே தண்ணீரில் திரும்ப வைக்கலாம், மொட்டுகள் ஈரத்தால் விரியாதவையாக இருந்தால். பண்டிகை நாளில் கொஞ்சம் சேர்க்கலாம், மாற்றக் கூடாது. லூலாவ் என்னும் பேரீச்சங்குருத்தைப் பற்றி மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பு சொல்லும் விதி இதற்கு அடிப்படை. ஆகவே வாய் குறுகிய அழகு ஜாடி வேண்டாம். வயிறு பெருத்த, மூன்று நாள் நீர் கொள்ளும் ஜாடியே சரி.

லில்லி வைப்பதானால் மகரந்தப் பைகளை முன்பே கிள்ளிவிடுங்கள். பேழையின் வெள்ளைத் திரையில் அந்தக் காவிப்பொடி பட்டால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, ஒட்டும் டேப்பால்தான் எடுக்க வேண்டும். அதுவும் பண்டிகை முடிந்த பிறகு. வாசனை குறைந்த பூக்களே நல்லது. ஷாவுவோத் முதல் இரவில் விடியும்வரை படிப்பார்கள். அடைத்த அறையில் எட்டு மணி நேரம் லில்லி மணம் ஆஸ்துமாக்காரர்களுக்குத் தண்டனை. புல்லைத் தரையில் நேரடியாகப் பரப்பினால் வழுக்கும், தட்டங்களில் பரப்புங்கள். பலர் நினைவு மெழுகுவர்த்தி ஏற்றும் பண்டிகை இது. காயும் கிளைகளுக்கும் சுடருக்கும் ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும், அவசர வழிகளின் மேல் எதையும் தொங்கவிடக் கூடாது.

எங்கள் சபையின் முற்றத்தில் நினைவு மரம் நட ஒரு குடும்பம் முன்வந்திருக்கிறது. பழமரம் வேண்டும் என்கிறார்கள். ஜெப ஆலயத்தின் பக்கத்தில் மரமே நடக் கூடாது என்று ஒரு பெரியவர் சொல்கிறார். எது சரி?

பெரியவர் காற்றிலிருந்து பேசவில்லை. "உன் தேவனாகிய கர்த்தருடைய பலிபீடத்தின் அருகே மரம் நடாதே" என்ற பொருளில் உபாகமம் 16:21 சொல்கிறது. எருசலேம் ஆலயத்தைப் பற்றிய இந்த விதியை ஜெப ஆலயத்துக்கும் நீட்டியவர்கள் உண்டு, நீட்டாதவர்களும் உண்டு. மரங்கள் நிற்கும் ஜெப ஆலய முற்றங்கள் ஏராளம். ரபியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, வாசலை ஒட்டி நடாமல் தள்ளி நட்டால் பூசல் இராது.

பழமரம் என்பதில்தான் எங்களுக்குத் தயக்கம். நட்டு மூன்று ஆண்டுவரை அதன் பழம் ஓர்லா: உண்ணவும் கூடாது, எந்தப் பயனும் பெறக் கூடாது. இது இஸ்ரேலுக்கு வெளியேயும் பொருந்தும். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு 44 நாளுக்கு முன்பே நட்டுவிட்டால் அந்தக் குறை ஆண்டு முழு ஆண்டாகக் கணக்கில் சேரும். ஒரு வாரம் தாமதித்தால் ஏறக்குறைய ஓராண்டு தள்ளிப்போகும். நாற்றங்காலில் இருந்து வேரைச் சுற்றிய மண் உதிராமல் கொண்டுவந்து நட்டால் பழைய ஆண்டுகளும் எண்ணப்படலாம். அதனால் ரசீதையும் வேர்க்கட்டியின் படத்தையும் கோப்பில் வையுங்கள். நான்காம் ஆண்டுப் பழத்துக்கும் தனி முறை உண்டு, ரபி சொல்வார். பிறகும் சிக்கல் தீராது. சபாத்தில் பறிக்கக் கூடாது. அன்று தானாக உதிர்ந்ததையும் அன்று உண்ணக் கூடாது. கீழே அழுகிக் கிடக்கும் பழத்துக்குக் குளவி வரும். பின்னால் கட்டடத்தை விரிக்க மரத்தை அகற்ற நேர்ந்தால், பழமரத்தை வெட்டாதே என்ற உபாகமம் 20:19 குறுக்கே நிற்கும். அனுமதிக்க வழிகள் உண்டு, ஆனால் நினைவு மரம் என்றால் குடும்பமும் குறுக்கே நிற்கும்.

எந்த மரமானாலும், குழி தோண்டுமுன் சுக்கா எங்கே போடுகிறார்கள் என்று கேளுங்கள். இதை மறப்பவர்களே அதிகம். சுக்கோத் பண்டிகைக் குடில் திறந்த வானத்தின் கீழே இருக்க வேண்டும். மரத்தடியில் போட்ட சுக்கா செல்லாது என்கிறது மிஷ்னா. இன்று கைத்தடி உயரக் கன்று, பதினைந்து ஆண்டில் குடை விரித்து, சபை வழக்கமாகக் கூடும் சுக்காவின் பாதியைச் செல்லாததாக்கிவிடும். முழு வளர்ச்சியில் கிளைப் பரப்பின் ஆரம் எவ்வளவு என்று நாற்றங்காலில் கேட்டு, அதோடு ஒரு மீட்டர் கூட்டி, சுக்காவின் விளிம்பிலிருந்து அளந்து நடுங்கள். தரையில் வேர் விட்ட திராட்சைக் கொடியைச் சுக்காவின் மேல் படரவிட்டுக் கூரை என்று சொல்வதும் செல்லாது; கூரைத் தழை வெட்டியதாக இருக்க வேண்டும்.

இஸ்ரேலில் இருக்கும் சபை என்றால் ஏழாம் ஆண்டு ஓய்வான ஷ்மிட்டாவும் சேரும். அடுத்தது 2028 இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்பே நட்டு வேர்பிடிக்கவிட்டுவிட வேண்டும்.

சுக்கோத்தின் ஏழாம் நாளான ஹோஷானா ரப்பாவுக்கு வில்லோ கிளைகளை ஒவ்வோர் ஆண்டும் வாங்குகிறோம். தோட்டத்திலேயே வளர்க்க முடியுமா?

தாராளமாக. வில்லோவைப்போல எளிதாக வேர்விடும் மரம் குறைவு. குளிர்கால முடிவில், மொட்டு வெடிக்குமுன், பென்சில் கனத்தில் 25 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். மொட்டின் நுனி மேலே பார்க்க வேண்டும். தலைகீழாக ஊன்றாதீர்கள். ஒன்றுக்கொன்று 60 சென்டிமீட்டர். முதல் கோடையில் மண் காயவே கூடாது. இரண்டாம் ஆண்டிலிருந்து குளிர்கால முடிவில் தரைமட்டத்துக்குச் சற்று மேலே மொத்தமாக வெட்டிவிட்டால், இலையுதிர்காலத்துக்குள் நேரான புதுத்தண்டுகள் ஆளுயரத்துக்கு வரும். வெட்டாமல் விட்டால் மரமாகிக் கிளை கோணும், இலையும் எட்டாது.

செல்லுபடியாகும் வில்லோவுக்குத் மிஷ்னாவும் அதன் விளக்கமும் சேர்ந்த தல்மூத் சொல்லும் அடையாளங்கள்: நீண்ட இலை, வழவழப்பான விளிம்பு, சிவந்த தண்டு. வெயில் பட்டுச் சிவக்கும் பச்சைத் தண்டும் சரி. உருண்டை இலையும் அரிவாள்போன்ற பல் விளிம்பும் வெள்ளைத் தண்டும் உள்ள வகை ஆகாது. ஊன்றுமுன் ஒரு கிளையை ரபியிடம் காட்டுங்கள்.

ஹோஷானா ரப்பாவில் ஆளுக்கு ஐந்து தண்டு என்பது வழக்கம். நூறு பேருக்கு ஐந்நூறு. முந்தின நாள் வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் உறையில் குளிர்பெட்டியில் வையுங்கள். அறையில் விட்டால் ஒரே நாளில் இலை கருகும். கழிவுநீர்க் குழாயிலிருந்து பத்து மீட்டருக்குள் மட்டும் நட்டுவிடாதீர்கள். விரிசல் இருந்தால் வேர் உள்ளே போய்க் குழாயை அடைத்துவிடும்.

ஞாயிறு வகுப்பில், மரங்களின் புத்தாண்டான து பிஷ்வாத் அன்று குழந்தைகள் பார்ஸ்லி விதைக்கிறார்கள். பஸ்கா விருந்தில் அதையே வைப்பதாகத் திட்டம். ஒவ்வோர் ஆண்டும் நூலிழைபோல் நான்கு தண்டுதான் தேறுகிறது.

து பிஷ்வாத் ஷேவாத் மாதம் 15. பஸ்கா நீசான் 15. சாதாரண ஆண்டில் இடைவெளி 59 நாள். பார்ஸ்லி முளைக்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் எடுக்கும். வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் ஊறவைத்த விதையை, பத்து சென்டிமீட்டர் தொட்டிக்குப் பதினைந்து வீதம், அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். முளைக்கும்வரை மேலே பிளாஸ்டிக் மூடி, 20 டிகிரி வெப்பம். நூலிழையாவது வெளிச்சக் குறையால்தான். குளிர்காலச் சன்னல் ஒளி போதாது. முளை தெரிந்த அன்றே எல்.இ.டி. விளக்கின் கீழே 15 சென்டிமீட்டர் இடைவெளியில், டைமர் வைத்து நாளுக்கு 14 மணி நேரம். தொட்டிக்கு ஐந்து நாற்று விட்டு மற்றவற்றைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் வரும்.

விருந்தில் கர்பாஸ் என்று உப்புநீரில் தோய்த்து உண்பது ஓர் ஆலிவ் அளவுக்கும் குறைவு. ஆகச் சின்னத் தழையே போதும். ஆனால் பண்டிகை தொடங்குமுன் வெட்டி வைத்துவிட வேண்டும். குழந்தை மேசையில் வைத்த தொட்டியிலிருந்து கிள்ளினால் அது அறுவடை. அசுவினி இருக்கும், சோப்பு ஒரு துளி விட்ட நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, ஓடும் நீரில் அலசி, வெளிச்சத்தில் இலையின் அடிப்பக்கம் பாருங்கள்.

2027ஐக் குறித்துக்கொள்ளுங்கள். அது கூடுதல் மாதம் வரும் ஆண்டு. து பிஷ்வாத் ஜனவரி 23, சனிக்கிழமை. விதைப்பை ஞாயிறுக்குத் தள்ளுங்கள். பஸ்கா ஏப்ரல் 22 என்பதால் 88 நாள் கிடைக்கும்; நடுவில் ஒருமுறை கத்தரித்துவிட்டால் புதர்போல் அடர்ந்து வரும்.

முன்கூடத்தில் மீன்தொட்டி வைக்க ஆசை. சபாத்தில் தீனி போடலாமா? பஸ்காவுக்கு ஏதும் சிக்கல் உண்டா?

உங்களை நம்பி வாழும் உயிருக்குச் சபாத்திலும் தீனி போடலாம், போடவும் வேண்டும். கால்நடைக்குப் போடாமல் மனிதன் தான் உண்ணக் கூடாது என்பது தல்மூத்தின் வழிகாட்டல். விலக்கு மற்றவற்றில்தான்: தொட்டிக்கு நீர் சேர்ப்பது, வடிகட்டியைக் கழுவுவது, விளக்கைப் போடுவது, வலையால் மீனைத் துரத்திப் பிடிப்பது. விளக்குக்கு டைமர் வைத்து அதன் சுவிட்சை டேப்பால் மூடிவிடுங்கள்.

அறுபது லிட்டருக்குக் குறைந்த தொட்டி வேண்டாம். நீர் குறைவாக இருந்தால் கெடுவதும் வேகமாக இருக்கும். கல், மணல், மேடை சேர்த்து 80 கிலோவைத் தாண்டும், தரை தாங்குமா பாருங்கள். மீன் விடுமுன் வடிகட்டியை நான்கிலிருந்து ஆறு வாரம் ஓட்டிப் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகே மீன். திறப்பு விழாவுக்கு அவசரப்பட்டு முதல் நாளே இருபது மீன் விட்டால் இரண்டாம் வாரம் மிதக்கும். வாராந்தர நீர் மாற்றம் ஐந்தில் ஒரு பங்கு, புதன் அல்லது வியாழன். வெள்ளிக்கிழமை செய்து ஏதாவது பிசகினால் சரிசெய்ய நேரம் இராது.

மிகைத்தீனிதான் பெரிய ஆபத்து. சபாத்தில் வரும் ஒவ்வொரு குழந்தையும் ஒரு சிட்டிகை போட்டால் ஞாயிறு காலை நீர் பால்போல் கலங்கும். வாரத்துக்கு ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டியில் அன்றன்றைய அளவை முன்பே பிரித்து வைத்து, பெரிய டப்பாவைப் பூட்டிவிடுங்கள். மீன் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்ப்பதே அளவு.

பஸ்கா சிக்கல் உண்டு, பலர் கவனிக்காதது. செதில் தீனியில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும். பஸ்கா நாட்களில் ஹமேட்ஸை, அதாவது தானியத்தில் செய்த புளித்த உணவை, உண்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் அதனால் பயன்பெறுவதும் விலக்கு. மீனுக்குப் போடுவதும் பயன்தான். கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஐந்தும் இல்லாத தீனியோ உறையவைத்த ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறாலோ வாங்குங்கள். ஒரு மாதம் முன்பே கலந்து போட்டுப் பழக்குங்கள். சில மீன்கள் புதுத்தீனியை நான்கைந்து நாள் தொடாது. மண்புழு உரத்தொட்டி வைத்திருக்கும் சபைகளுக்கும் இதுவே: ரொட்டித் துண்டு போடுவதைப் பஸ்காவுக்கு ஆறு வாரம் முன்பே நிறுத்தி, மேலே அடையாளம் தெரியும்படி கிடப்பதை எடுத்துவிடுங்கள்.

ரோஷ் ஹஷானாத் தேனுக்காகக் கூரையில் தேனீப் பெட்டி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் இந்தப் பட்டியலிலேயே நாள்காட்டியோடு அதிகம் முட்டும் உயிர் தேனீதான். வட அரைக்கோளத்தில் தேனீக்கள் கூட்டம் பிரியும் பருவம் பஸ்காவுக்கும் ஷாவுவோத்துக்கும் நடுவே வரும். ராணி அறையை முட்டையிட்ட எட்டு ஒன்பது நாளில் மூடிவிடும் என்பதால், அப்போது ஏழு நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பண்டிகை மூன்று நாள் தொடர்ந்தால் ஆய்வை முன்னால் இழுங்கள், பின்னால் தள்ளாதீர்கள். சபாத்தில் கூட்டம் பிரிந்து வாசல் மரத்தில் தொங்கினால் பிடிக்க முடியாது, அது வேட்டையாடுதல். அந்த வாசலை மூடிப் பக்கத்து வாசலைத் திறப்பதே வழி. கொட்டினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் பேச்சே வேறு. உயிர் காப்பது சபாத்தை விலக்கும்.

பெட்டியின் வாய்க்கு முன்னால் இரண்டு மீட்டர் உயரத் தட்டி நிறுத்துங்கள். தேனீக்கள் மேலெழுந்து தலைக்கு மேலே பறக்கும். பக்கத்திலேயே கூழாங்கல் போட்ட நீர்த்தட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கை கழுவும் தொட்டியைத் தேடி வரும். ஈரப்பதம் 18 விழுக்காட்டைத் தாண்டிய தேன் ஜாடியில் புளிக்கும். மெழுகு மூடிய அடைகளை மட்டும் பிழியுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்று ஜாடியில் அச்சிடுங்கள்.

சபாத் அன்று புல்வெளியில் கிட்டுஷ் வைக்கலாமா?

மேசையைக் கல்தளத்தில் போடுங்கள். புல்லின் மேல் தண்ணீர் சிந்தினால் நீர் பாய்ச்சியதாகிறது. கை கழுவும் ஏற்பாடு புல்லிலும் பாத்தி ஓரத்திலும் இருக்கவே கூடாது. மரத்தில் ஏறுவது, சாய்ந்து தொங்குவது, கிளையில் கோட்டு மாட்டுவது எல்லாம் விலக்கு. ஆகப் பக்கத்தில் ஒரு கோட்டு ஸ்டாண்டு வையுங்கள்.

வேலிக்கு அரளி நடலாமா? தண்ணீரே கேட்காதே.

வேண்டாம். முழுச் செடியும் நஞ்சு, குழந்தைகள் ஓடியாடும் இடம். தல்மூத்தில் ஹிர்துஃப் என்று ஒரு செடி வருகிறது. அரளி என்றே பொதுவாக அடையாளம் காண்கிறார்கள். சுக்கோத்தில் கையில் பிடிக்கும் மிர்ட்டில் கிளைக்குப் பதிலாக அதைக் கொள்ளலாமா என்ற கேள்விக்கு, தோராவின் வழிகள் இனிய வழிகள் என்ற நீதிமொழிகள் வசனத்தைக் காட்டித் தள்ளிவிடுகிறார்கள். மிர்ட்டிலையே வேலியாக நடுங்கள். வெயில் வேண்டும், கடும் உறைபனி ஆகாது. ஒரே கணுவில் மூன்று மூன்றாக இலை விடும் வகை கிடைத்தால் சுக்கோத்துக்கும் ஆகும். சபாத் முடியும்போது முகரும் நறுமணத்துக்கு எந்த வகையும் சரி.

வழிகாட்டி நாயுடன் ஒருவர் வர விரும்புகிறார். உள்ளே விடலாமா?

விடலாம் என்று 20ஆம் நூற்றாண்டின் முதன்மையான சட்ட அறிஞர்களில் ஒருவரான ரபி மோஷே ஃபைன்ஸ்டீன் எழுதியிருக்கிறார். மறுத்தவர்களும் உண்டு, பெரும்பாலான சபைகள் அவர் வழியில் போகின்றன. வரிசையின் ஓரத்தில், கதவுக்கு அருகில், நாய் முழுதாகக் கால்நீட்டிப் படுக்க ஒன்றரை மீட்டர் இடம் ஒதுக்குங்கள். ரோஷ் ஹஷானாவில் ஷோஃபார் என்னும் ஆட்டுக்கொம்பு ஊதும் சத்தம் நாய்க்குப் புதிது; முந்தின வாரம் வெறுங்கூடத்தில் ஒருமுறை ஊதிக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர்க் கிண்ணம் சபாத்திலும் வைக்கலாம். நாயையோ அதன் சேணவாரையோ யாரும் தொடாமல் இருக்கக் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இத்தனை தொல்லைக்குச் செயற்கைச் செடியே வைத்துவிட்டால்?

வைக்கலாம், சபாத்தில் நகர்த்தவும் தடை இல்லை. தீத்தடுப்புச் சான்று உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கொருமுறை ஷவரில் கழுவாவிட்டால் தூசி படிந்து சாம்பல் நிறமாகும். சுக்காவுக்குள் அலங்காரமாகத் தொங்கவிடலாம், கூரையாகப் போட முடியாது. கூரை மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும்.